செயின் சாவுக்கு எந்த அரம் வாங்குவது?

கேள்வி: தென்னந்தோப்பில் பட்ட மரங்களை அறுக்கச் சிறிய செயின் சா வைத்திருக்கிறேன். சங்கிலியின் உறையில் ‘3/8 லோ புரொஃபைல்’ என்று இருக்கிறது. கடைக்காரர், எல்லாச் சங்கிலிக்கும் இதுதான் என்று 4.8 மி.மீ. உருண்டை அரம் கொடுத்தார். தீட்டிய பிறகும் சீவல் விழாமல் மாவு போலத் தூள்தான் கொட்டுகிறது. அரம் மட்டமானதா? சாதாரண உருண்டை அரமே போதுமா?

பதில்: அரத்தின் அளவுதான் பொருந்தவில்லை. உங்கள் சங்கிலிக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் குறிப்பிடுவது 4 மி.மீ. அரம், 4.8 மி.மீ. அரம் பொதுவாக .325 அங்குல பிட்ச் (சங்கிலிக் கண்ணிகளின் இடைவெளி அளவு) சங்கிலிக்கு உரியது. பல்லின் உள்வளைவை அரத்தின் உருண்டைதான் செதுக்குகிறது என்பதால், விட்டம் கூடினால் வெட்டுமுனைக்கு அடியில் போதிய குடைவு விழாமல் முனை மழுங்கலாகவே நிற்கும். விட்டம் குறைந்தாலோ அளவுக்கு மீறிக் குடைந்து, மெலிந்த முனை மரத்தைக் கவ்வி இழுப்பதோடு விரைவில் மழுங்கியும் விடும். பொருத்தமான அரத்தைப் பல்லில் வைத்தால் அதன் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 4 மி.மீ. அரத்தில் சுமார் 0.8 மி.மீ., பல்லின் மேல்தகட்டுக்கு மேலே தெரியும்.

கடையில் ‘3/8’ என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். பெரிய இயந்திரங்களின் முழு அளவு 3/8 சங்கிலிக்கு, தயாரிப்பாளரைப் பொறுத்து, 5.2 அல்லது 5.5 மி.மீ. அரம் தேவைப்படும். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளுக்கு இடையிலான தூரத்தை இரண்டால் வகுத்தால் பிட்ச் கிடைக்கும். ஆனால் இந்த இரு வகைச் சங்கிலிகளிலும் அது ஏறக்குறைய ஒன்றாகவே வருவதால், ஸ்கேலை நம்பாமல் உறையையோ இயந்திரத்தின் கையேட்டையோ கொண்டுபோய்க் காட்டுவதே நல்லது.

சாதாரண உருண்டை அரம் வேண்டாம். அது பெரும்பாலும் நுனியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும். செயின் சா அரமோ முழு நீளத்துக்கும் ஒரே பருமனாக இருக்கும். முன்னோக்கித் தள்ளும்போது மட்டுமே அது இரும்பைத் தின்னும், ஆகவே திரும்ப இழுக்கையில் பல்லில் படாமல் தூக்கிவிடுங்கள். தள்ளும்போதும் பிடிக்காமல் வழுக்கினால் அரம் தேய்ந்துவிட்டது என்று பொருள். தேயும் பொருள்தானே, ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

கூடவே ஒரு தட்டை அரமும் ஆழம் பார்க்கும் கேஜும் வாங்குங்கள். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் உள்ள சிறு மேடு, வெட்டுமுனையைவிட வழக்கமாக 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும், பல் தேயத் தேய இந்த இடைவெளி குறைந்துவிடுமாதலால், புதிய அரத்தால் தீட்டியும் தூளே கொட்டினால் அடுத்துப் பார்க்க வேண்டியது இந்த மேட்டைத்தான்; கேஜால் அளந்து, உயர்ந்திருந்தால் தட்டை அரத்தால் தேய்த்துத் தாழ்த்துங்கள்.