சிந்து நதிக்கரைக்காரனும் தாந்தேயும்

கேள்வி: "அநியாயம் நடக்கும்போது நடுநிலை வகிப்பவர்களுக்கு நரகத்திலேயே மிகவும் சூடான இடம் காத்திருக்கிறது." இத்தாலியக் கவிஞர் தாந்தே சொன்னதாக இது வாட்ஸப்பில் அடிக்கடி வருகிறதே, உண்மையா?

பதில்: இல்லை. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி தன் பேச்சுகளில் தாந்தே பெயரைச் சொல்லி இதைப் பயன்படுத்தினார், அப்புறம் ஊரெல்லாம் பரவிவிட்டது. தாந்தே தானே மறுஉலகங்களைச் சுற்றிவருவதாக எழுதிய 'டிவைன் காமெடி' காவியத்தில் நரகத்தின் அடியாழத்தில் நெருப்பே கிடையாது, பனிக்கட்டிதான். நம்பியவர்களைக் காட்டிக்கொடுத்தவர்கள் அங்கே உறைந்து கிடக்கிறார்கள். எந்தப் பக்கமும் சேராதவர்களை அவர் அவ்வளவு தூரம்கூடக் கொண்டுபோகவில்லை. வாசலைத் தாண்டியதும் ஆற்றுக்கு இந்தக் கரையிலேயே விட்டுவிடுகிறார். மோட்சம் தள்ளிவிட்டது, ஆழ்நரகமும் ஏற்கவில்லை. வாழ்நாளில் ஒரு கொடியையும் பிடிக்காதவர்கள் இப்போது நிற்காமல் பறக்கும் ஒரு கொடியின் பின்னால், குளவியும் ஈயும் கடிக்கக் கடிக்க ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். வழிகாட்டியாகக் கூட வரும் கவிஞர் வெர்ஜில், "இவர்களைப் பற்றிப் பேச வேண்டாம், பார்த்துவிட்டு நட" என்கிறார். சூடான இடத்தைவிட எனக்கு இதுதான் பயமாக இருக்கிறது. கூட வேலை பார்த்தவரை அநியாயமாக மாட்டிவிட்டபோது 'நமக்கெதற்கு' என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாள் எனக்கும் உண்டு, அந்தப் பாடலைப் படிக்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வருகிறது.

கேள்வி: பிடிக்காதவர்களையெல்லாம் நரகத்தில் போட்டுப் பழிதீர்த்தவர்தானே? அவரிடம் நீதியைப் பற்றி என்ன கற்க முடியும்?

பதில்: கோபம் இருந்தது, அவர் அதை மறைக்கவும் இல்லை. கதை நடப்பது 1300இல். அப்போது போப் எட்டாம் போனிஃபாஸ் உயிரோடுதான் இருந்தார். ஆனாலும் திருச்சபைப் பதவிகளைக் காசாக்கிய போப்புகள் தலைகீழாகச் செருகப்பட்டிருக்கும் குழியில் அவருக்கும் இடம் போட்டு வைத்துவிட்டார் தாந்தே. ஆனால் தந்தையைப் போல மதித்த ப்ரூனெட்டோ லத்தீனியையும் அதே நரகத்தில்தான் சந்திக்கிறார், தலைகுனிந்து மரியாதையோடு அவர் கூடவே நடக்கிறார். வெறும் பழிதீர்ப்பு என்றால் இந்தக் காட்சிக்கு அங்கே இடமே இல்லை.

கேள்வி: நான் கிறிஸ்தவன் இல்லை. நரகம், உத்தரிக்கிற ஸ்தலம் (மோட்சத்துக்கு முன் பாவம் கழுவும் இடம்), மோட்சம் என்று முழுக்க ஒரு மதத்துக்குள் நிற்கும் காவியத்தில் எனக்கு என்ன இருக்கிறது?

பதில்: உங்கள் கேள்வியை அவரே கேட்டிருக்கிறார், அதுவும் மோட்சத்தில் நின்றுகொண்டு. மூன்றாம் பகுதியின் 19ஆம் பாடல். நீதிமான்களின் ஆன்மாக்கள் ஒன்றுகூடி ஒரு கழுகின் வடிவில் நிற்கின்றன. தாந்தேயின் மனதைப் பல காலமாக அரித்த சந்தேகத்தைக் கழுகே எடுத்துச் சொல்கிறது: சிந்து நதிக்கரையில் ஒருவன் பிறக்கிறான், கிறிஸ்துவைப் பற்றிச் சொல்லவோ எழுதவோ அங்கே ஆளில்லை, அவன் எண்ணமும் செயலும் குறையில்லாதவை, ஞானஸ்நானம் பெறாமலே சாகிறான், அவனைத் தண்டிப்பது என்ன நியாயம்? எழுநூறு வருடங்களுக்கு முன்னால், இந்தப் பக்கம் காலே வைக்காத ஒரு இத்தாலியர் நம் ஊர்ப்பக்கத்து மனிதன் ஒருவனுக்காக வழக்காடியிருக்கிறார்! சரி, பதில் கிடைத்ததா? "சாண் தூரம் பார்க்கும் கண்ணை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல நீ யார்" என்று கழுகு முதலில் அதட்டுகிறது. பிறகு, கிறிஸ்துவே கிறிஸ்துவே என்று கூவும் பலர், அவரை அறியாதவனைவிடக் கடைசி நாளில் அவரிடமிருந்து தூரத்தில் நிற்பார்கள் என்கிறது. அடுத்த பாடலில், கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய ட்ராய் நகரத்து ரீஃபியஸ் மோட்சத்தில் இருப்பதைக் காட்டுகிறார். ஆனால் கைப்பிடித்து அழைத்துவந்த வெர்ஜிலுக்கு மட்டும் அங்கே இடமில்லை. அந்த முள்ளைத் தாந்தே பிடுங்கிப் போடவில்லை, தன் நம்பிக்கை தனக்கே உறுத்தும் இடத்தை அப்படியே திறந்து வைத்திருக்கிறார். என் மதம் உன் மதம் என்று இன்றைக்கு நடக்கும் சண்டைகளில் இப்படி ஒரு நேர்மையைக் காண முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

கேள்வி: பல வருடமாக வெளிநாட்டில் இருக்கிறேன், ஊருக்குத் திரும்ப வழியில்லை. தாந்தேயும் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்தானே?

பதில்: ஆமாம். 1300இல் தன் ஊரான ஃபிளாரன்ஸை ஆண்ட குழுவில் இரண்டு மாதம் இருந்தார். எதிர்க்கட்சி ஆட்சியைக் கைப்பற்றியதும் 1302 ஜனவரியில் பதவியை வைத்துப் பணம் பண்ணியதாகக் குற்றம் சாட்டி அபராதம் விதித்தார்கள், மார்ச்சில் பிடிபட்டால் உயிரோடு எரிக்க வேண்டும் என்று தீர்ப்பு. 1315இல் பணம் கட்டி, பொது இடத்தில் மன்னிப்பு கேட்டால் திரும்பலாம் என்றார்கள். சூரியனையும் நட்சத்திரங்களையும் எங்கிருந்தாலும் பார்க்க முடியாதா என்று கேட்டு மறுத்துவிட்டார். வீம்பு என்று நினைக்காதீர்கள், எவ்வளவு வலித்தது என்பதை மோட்சத்தில் தன் முப்பாட்டனின் வாயால் சொல்லவைக்கிறார்: "பிறர் வீட்டு ரொட்டி எவ்வளவு உப்புக் கரிக்கும், பிறர் வீட்டுப் படியில் ஏறி இறங்குவது எவ்வளவு கடினம் என்று நீ அறிவாய்." அவர் பிறந்த டஸ்கனி பக்கம் இன்றும் உப்பில்லாமல் ரொட்டி சுடும் வழக்கம் உண்டு.

1321இல் ராவென்னா என்ற இன்னொரு இத்தாலிய நகரத்தில் இறந்தார். ஃபிளாரன்ஸ் பலமுறை கேட்டும் ராவென்னா எலும்புகளைத் தரவில்லை. ஃபிளாரன்ஸின் சாந்தா குரோச்சே தேவாலயத்தில் அவருக்காகக் கட்டிய கல்லறை காலியாகவே இருக்கிறது. ஃபிளாரன்ஸ் நகர மன்றம் 2008இல்தான் அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய வாக்களித்தது. ஒவ்வொரு செப்டம்பரிலும் ராவென்னா கல்லறை விளக்குக்கு எண்ணெய் மட்டும் ஃபிளாரன்ஸிலிருந்து போகிறது.