பூக் கட்ட வருகிறது, தலையில் வைக்கக் கை ஏறவில்லை

மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் உதிரி மல்லிகை வாங்கி வீட்டில் கட்டிக் கொடுக்கும் அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 52, எட்டு வருடமாகச் சுகர். நாலு மாதமாக இடது தோள்பட்டை வலி. பூக் கட்ட முடிகிறது, கட்டிய பூவைத் தன் தலையில் வைக்கத்தான் கை ஏறவில்லை. முதுகுப் பக்கமும் போகவில்லை, ராத்திரி அந்தப் பக்கம் புரண்டால் உயிர் போகிறது. வாயுப் பிடிப்பு என்று ஒருவர் எண்ணெய் போட்டு உருவி இழுத்ததில் வலி கூடிவிட்டது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. டாக்டர் ஊசி போடலாம் என்கிறார். போடலாமா, கை பழையபடி வருமா?

வரும் அக்கா, ஆனால் நாளாகும்.

இது வாயுவும் இல்லை, சுளுக்கும் இல்லை. தோள் மூட்டைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. அது அழற்சியில் தடித்து, துவைத்ததும் சுருங்கிப்போன ரவிக்கை மாதிரி மூட்டைக் கவ்விக்கொள்கிறது, இதைத்தான் ஃப்ரோசன் ஷோல்டர் என்கிறோம். எலும்பில் கோளாறு இல்லாததால் எக்ஸ்ரேயில் தெரியாது. 40 முதல் 60 வயதுக்குள், பெண்களுக்கு, அதிலும் சுகர் உள்ளவர்களுக்கு அதிகம் வரும். தைராய்டு கோளாறு இருந்தாலும் வரலாம், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை. இரண்டு முழங்கையையும் இடுப்போடு ஒட்டி மடக்கி, முன்கைகளைக் கதவு திறப்பது போல வெளிப்பக்கம் திருப்புங்கள். இடது கை பாதியில் நிற்கிறதா? அடுத்தவர் மெதுவாகத் திருப்பிப் பார்த்தாலும் அங்கேயே நிற்கிறதா? அப்படியானால் அநேகமாக இதுதான். தசைநார் கிழிந்திருந்தால் பெரும்பாலும் நம்மால் தூக்க முடியாது, ஆனால் அடுத்தவர் தூக்கினால் ஏறும்.

முதல் சில மாதம் வலி ஆளும். அப்புறம் வலி குறைந்து இறுக்கம் நிற்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இளகும். எல்லாம் சேர்ந்து ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகலாம், சிலருக்கு லேசான இறுக்கம் கடைசிவரை மிஞ்சும். நீங்கள் இருப்பது வலிக் கட்டம் என்று தோன்றுகிறது. இந்த நேரத்தில் இழுத்து உருவுவது எரிகிற அடுப்பில் எண்ணெய் விடுவதுதான், தயவுசெய்து இனிமேல் போகாதீர்கள்.

ஊசிக்குப் பயப்பட வேண்டாம். மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு இந்த வலிக் கட்டத்தில்தான் நன்றாகக் கேட்கும், இறுகி முடிந்த பிறகு போட்டால் அவ்வளவு பலன் இல்லை. ஆனால் போட்ட பிறகு சில நாள் சுகர் ஏறும். டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி, அந்த வாரம் அடிக்கடி சோதித்துக்கொள்ளுங்கள். சுகர் ஏற்கனவே தாறுமாறாக இருந்தால் முதலில் அதை இறக்கச் சொல்வார்கள்.

பயிற்சிக்கு மெஷின் எதுவும் வேண்டாம். வெந்நீர் ஒத்தடம் பத்து நிமிடம் கொடுத்துவிட்டு, நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கிற கையைத் தொங்கவிட்டுக் கிணற்று வாளி மாதிரி ஆடவிடுங்கள். அடுத்து சுவரில் விரல்களை எறும்பு போல மேலே நடத்தி, எட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், வாரக்கணக்கில் பார்த்தால்தான் முன்னேற்றம் தெரியும். மல்லாந்து படுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, இரண்டு கையிலும் ஒரு குச்சியைப் பிடித்து நல்ல கையால் மற்றதை வெளிப்பக்கம் தள்ளுவது மூன்றாவது. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நாளுக்கு மூன்று தடவை, ஐந்தைந்து நிமிடம் போதும். இழுபடுகிற வலி பரவாயில்லை, ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தால் அதிகம் செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம். முதல் தடவை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் செய்து காட்டிவிடுங்கள். காசு யோசனையாக இருந்தால் நம் பெரியாஸ்பத்திரிக்கே போகலாம். ஆறேழு மாதம் ஒழுங்காகச் செய்தும் அசையாவிட்டால் மயக்கம் கொடுத்து இளக்குவது, துளை வழி ஆபரேஷன் எல்லாம் இருக்கின்றன, இப்போது அந்த யோசனை வேண்டாம்.

ஒன்று மட்டும்: நடக்கும்போதோ படி ஏறும்போதோ இடது தோள் வலித்து, நெஞ்சு அடைத்து வியர்த்தால், அது தோள்பட்டை விஷயம் இல்லை, உடனே ஆஸ்பத்திரி. சுகர் இருப்பதால் சொல்கிறேன்.

பூக் கட்டுவதை நிறுத்த வேண்டாம், அதில் கை விலாவோடுதான் இருக்கிறது. அரைமணிக்கொரு தடவை எழுந்து கையை ஆடவிட்டு உட்காருங்கள். ராத்திரி வலது பக்கம் படுத்து, இடது கையை நெஞ்சுக்கு முன்னால் ஒரு தலையணை மேல் வைத்துக்கொள்ளுங்கள்.