நரம்புச் சோதனையா, மரபணுச் சோதனையா?

கேள்வி: என் 7 வயது மகன் அடிக்கடி தடுக்கி விழுகிறான். பாதத்தில் குழிவு அதிகம். அவன் அப்பாவுக்கும் அப்படித்தான். நரம்புக் கடத்தல் சோதனை எடுக்கச் சொல்கிறார்கள். வலிக்குமா? நேராக மரபணுச் சோதனை எடுத்தால் போதாதா?

பதில்: தோலின் மேல் சிறு மின்தூண்டல் கொடுத்து, நரம்பில் அது ஓடும் வேகத்தை அளப்பார்கள். ரப்பர் பேண்டைச் சுண்டியதுபோல இருக்கும். முன்பே சொல்லி அழைத்துப் போங்கள், பொறுத்துக்கொள்வான். தசையில் ஊசி குத்தும் சோதனை எல்லாக் குழந்தைக்கும் தேவைப்படாது.

அப்பாவுக்கும் இருப்பதால் சார்கோ-மேரி-டூத் என்னும் பரம்பரை நரம்பு நோயா என்று பார்க்கிறார்கள். கை நரம்பின் வேகம் வினாடிக்கு 38 மீட்டருக்குக் கீழே, எல்லா நரம்பிலும் ஒரே சீராகக் குறைந்திருந்தால் கோளாறு நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையில். அப்போது முதலில் தேட வேண்டியது பிஎம்பி22 மரபணுவின் இரட்டிப்பு, அதாவது அதன் நகல் ஒன்று கூடுதலாக இருப்பது. அதற்கு மரபணு நகல்களை எண்ணும் எம்எல்பிஏ சோதனை போதும். பல மரபணுக்களை ஒன்றாகப் படிக்கும், அதிகம் செலவாகும் எக்ஸோம் சோதனையில் இது தவறிப்போகலாம். இடத்துக்கு இடம் வேகம் மாறினால், மருந்துக்குக் கட்டுப்படும் அழற்சி நோயாகவும் இருக்கலாம். அதை விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இந்தச் சோதனை அவசியம் என்கிறேன்.

ஏசி அறையில் கை குளிர்ந்தால் வேகம் குறைந்ததாகக் காட்டும். தோல் 32 டிகிரியாவது இருக்கிறதா என்று கேளுங்கள். அன்று எண்ணெய், கிரீம் தடவ வேண்டாம். அப்பாவையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

டூஷென் என்னும் பரம்பரைத் தசைநோய் என்ற சந்தேகம் என்றால் வழி வேறு: ரத்தத்தில் சிகே (தசை சிதைந்தால் கூடும் நொதி) அளவு, பிறகு நேராக மரபணுச் சோதனை.