ஒரே சீசனில் 59 வெற்றி, நிஜமாகவா?

கேள்வி: 1884-ல் சார்லஸ் ராட்போர்ன் என்ற பேஸ்பால் பிட்சர் (பந்து வீசுபவர்) ஒரே சீசனில் 59 ஆட்டம் ஜெயித்தார் என்று ஓரிடத்திலும் 60 என்று இன்னோரிடத்திலும் படித்தேன். எது சரி? ஆள் பெரிய பயில்வானோ?

பதில்: தகராறு ஒரே ஒரு ஆட்டத்தால் வந்தது. பிராவிடன்ஸ் அணியில் வேறொருவர் பாதிக்கு மேல் பந்து போட்டுவிட்டு, அணி முன்னிலையில் இருக்கும்போது வெளியேற, மீதியை முடித்துக்கொடுத்தவர் ராட்போர்ன். அன்று வெற்றியை அவர் கணக்கில் எழுதினார்கள், இன்றைய விதிப்படி அது முதல் ஆளுக்குத்தான் போகும். எனக்கு 59 போதும்.

பயில்வானெல்லாம் இல்லை. 5 அடி 9 அங்குலம், சுமார் 76 கிலோ. அந்த உடம்போடு அவர் தொடங்கிய 73 ஆட்டங்களையும் கடைசிவரை தானே போட்டார், மொத்தம் 678 இன்னிங்ஸுக்கு மேல். (கிரிக்கெட் இன்னிங்ஸை நினைக்காதீர்கள், இங்கே மூன்று பேர் அவுட்டானால் ஒன்று முடிந்தது.) அணியின் இன்னொரு முக்கிய பிட்சர் சீசன் நடுவில் போய்விட்டார், ஆள் பஞ்சம், வேறென்ன! காலையில் தலைவாரக் கையைத் தூக்க முடியாமல் திண்டாடினார் என்று ஒரு கதை உண்டு. முடிந்தவரை நம்பலாம்.

அவர் காலத்து விதிகளையும் பாருங்கள். பெட்டி மாதிரி கோடு போட்ட இடத்துக்குள் ஓரிரு எட்டு ஓடிவந்து போடலாம், அதன் முன்கோடு பேட்ஸ்மேனிடமிருந்து 50 அடிதான். ஆறு பந்து குறி தப்பினால்தான் வாக் (பேட்ஸ்மேன் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது). ஆனால் பந்து உயரமாக வேண்டுமா, தாழ்வாக வேண்டுமா என்று பேட்ஸ்மேன் கேட்டு வாங்கலாம்!

கேள்வி: அந்தக் காலத்தில் எல்லா பிட்சர்களும் அப்படிச் சின்ன உடம்புதானா?

பதில்: நிறையப் பேர். பாபி மேத்யூஸ் 5 அடி 5 அங்குலம், 297 வெற்றி. வளைபந்தின் தந்தை என்று பேர் வாங்கிய கேண்டி கம்மிங்ஸ் 54 கிலோவைத் தாண்டவில்லை. எனக்குப் பிடித்தவர் ஹியூ டெய்லி. இடது கை மணிக்கட்டோடு போனவர், அந்த மொட்டைக் கையில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு, வரும் பந்தை அதற்கும் வலது கைக்கும் நடுவில் அமுக்கிப் பிடிப்பார். 1884-ல் 483 ஸ்டிரைக்அவுட் (பேட்ஸ்மேனை அடிக்க விடாமலே அவுட்டாக்குவது). அது ஒரே வருடம் நடந்த, கொஞ்சம் பலவீனமான லீக் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: பெரிய உடம்புக்காரர்கள் எப்போது வந்தார்கள்?

பதில்: முன்பும் இருந்தார்கள், 1893-க்குப் பிறகு அவர்களுக்கு மவுசு கூடியது. அந்த வருடம் பந்து போடும் தூரத்தை 60 அடி 6 அங்குலமாக்கினார்கள். 50-லிருந்து பத்தடி தாவிவிட்டதாக எழுதுகிறார்கள், அப்படியில்லை. அதற்குச் சில வருடம் முன்பிருந்தே பிட்சர் அந்தப் பெட்டியின் பின்கோட்டில், அதாவது 55 அடி 6 அங்குலத்தில், கால் வைத்துத்தான் போட வேண்டும், ஆகவே கூடியது ஐந்தடி. அந்த ஐந்தடிக்கே, 90 கிலோ அமோஸ் ரூசி 1890-ல் எடுத்த 341 ஸ்டிரைக்அவுட் 1893-ல் 208 ஆனது. அதிலும் அந்த வருடம் லீக்கில் முதலிடம் அவருக்குத்தான்!