தாவரப் பொருளில் செய்த மக்கும் ஏரோஜெல்லின் வெப்பத் தடுப்பை எப்படிக் கூட்டுவது?

முதலில், ஏரோஜெல்லின் (உள்ளே பெரும்பகுதி காற்றாகவே இருக்கும் நுண்துளைத் திடப்பொருள்) எடையைக் குறைக்கும் வேலையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். நான் எட்டு மாதத்தை அதில்தான் தொலைத்தேன்.

பெங்களூரு பீன்யாவில் ஒரு சின்னக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பூ மார்க்கெட்டிலிருந்து வெளியூர் போகும் மல்லிகைப் பெட்டிக்குள் தெர்மாகோலுக்குப் பதிலாக, மண்ணில் மக்குகிற ஒன்றை வைக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. கரும்புச் சக்கையிலிருந்து எடுத்த செல்லுலோஸ் நாரைக் கூழாக்கி, உறைய வைத்து, வெற்றிடத்தில் ஐஸை நேராக ஆவியாக்குவோம். வருகிற ஏரோஜெல் வில்லையைக் கையில் வைத்தால் கனமே தெரியாது. காற்று கூடக் கூடச் சூடு கடத்தாது என்று நம்பிக் கூழை நீர்க்க வைத்துக்கொண்டே போனேன். அளந்தால் தெர்மாகோலைக்கூடத் தாண்டவில்லை.

விஷயம் துளையில் இருக்கிறது. அசையாத காற்றின் வெப்பக் கடத்தல் சுமார் 0.025 வாட்/மீட்டர்-கெல்வின். தெர்மாகோல் 0.035 பக்கம். சிலிக்கா ஏரோஜெல்லோ 0.015 வரை இறங்குகிறது, வெறும் காற்றைவிடவும் குறைவு! சாதாரண அழுத்தத்தில் ஒரு காற்று மூலக்கூறு இன்னொன்றில் முட்டுவதற்குள் ஏறக்குறைய 70 நானோமீட்டர் ஓடும். துளை அதைவிடச் சின்னதாக இருந்தால் முதலில் சுவரில்தான் முட்டும். சூட்டைக் கைமாற்றிவிடப் பக்கத்தில் ஆள் கிடைக்காது. எங்கள் வில்லையின் துளைகளோ பத்துப் பதினைந்து மைக்ரான், அதாவது பத்தாயிரம் பதினைந்தாயிரம் நானோமீட்டர்.

குற்றவாளி ஐஸ்தான். மெதுவாக உறைந்தால் படிகம் பெருத்து, நாரை ஓரமாகத் தள்ளிவிடும். வீட்டு ஃப்ரீசரில் செய்த பால் ஐஸ் நறநறப்பதும் இதனால்தான். திரவ நைட்ரஜனில் சட்டென்று உறைய வைத்தால் ஓரளவு தப்பிக்கலாம். உறைய வைக்காமலே உலர்த்துவது இன்னும் நல்லது: தண்ணீரை எத்தனாலால் மாற்றி, அந்த எத்தனாலைக் கார்பன் டை ஆக்சைடால் 31 டிகிரி செல்சியஸ், 74 பார் அழுத்தத்துக்கு மேலே வைத்து வெளியேற்றுவது. பெக்டின் (பழத்தோலில் இருக்கும் பசைப்பொருள்) ஏரோஜெல் இந்த வழியில் 0.020-க்குக் கீழே போயிருக்கிறது. அழுத்தக் கலத்தின் விலைதான் வயிற்றைக் கலக்கும். எத்தனாலைப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். ஒருநாள் அவசரத்தில் நேராகச் சுத்த எத்தனாலில் போட்டேன். வெயிலில் காய்ந்த வற்றல் மாதிரி சுருங்கிவிட்டது.

அடர்த்தி ரொம்பக் குறைந்தால் அகச்சிவப்புக் கதிர் ஊடுருவிவிடும்; கூடினால் நார் வழியே சூடு ஓடும். நடுவில் ஒரு இடம் உண்டு, அளந்துதான் பிடிக்க வேண்டும்.

அப்புறம் ஈரம். மார்ச்சில் நன்றாக இருந்த வில்லை ஜூலை மழையில் மேஜைமேல் இரண்டு நாள் கிடந்ததும் கெட்டுப்போனது. செல்லுலோஸ் ஈரத்தை இழுக்கும், தண்ணீரோ 0.6 கடத்தும். சிலேன் (சிலிக்கான் கலந்த ஒரு வேதிப்பொருள்) ஆவியில் காட்டினால் நீர் ஒட்டாது. ஆனால் பூச்சு தடித்தால் நுண்ணுயிரும் ஒட்டாது. ஸ்ரீராமபுரம் வீட்டு மாடியில், கறிவேப்பிலைத் தொட்டியில் இரண்டு துண்டு புதைத்தேன். பூசாதது சில வாரங்களில் காணாமல் போனது. தடிமனாகப் பூசியதை அம்மா மண் கிளறும்போதெல்லாம் எடுத்துக் காட்டுகிறார்: "டேய், உன் மக்குற சாமான் இன்னும் அப்படியே கிடக்குது பாரு."

இப்போது வெளிப்புறத்தில் மட்டும் லேசாகப் பூசுகிறோம்.