பைதானில் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் எதற்கு? நேரடியாக பிப் போட்டால் போதாதா?

வெர்ச்சுவல் என்விரான்மென்ட் என்பது உங்கள் ப்ராஜெக்ட்டுக்கென்றே ஒதுக்கிய ஒரு ஃபோல்டர். அதற்கு வேண்டிய பேக்கேஜ்கள், அதாவது பிறர் எழுதிவைத்த தயார் புரோகிராம் தொகுப்புகள், பிப் என்ற நிறுவும் கருவி வழியாக அதற்குள் மட்டும் இறங்கும்.

ஏன் இந்தத் தனிக்குடித்தனம்? ஒரே இடத்தில் போட்டால் ஒரு பேக்கேஜுக்கு ஒரு வெர்ஷன்தான் நிற்கும். 2024-இல் நம்பை (NumPy) என்ற கணக்கீட்டுப் பேக்கேஜின் 2.0 வெர்ஷன் வந்தபோது, பழைய வெர்ஷனுக்காகக் கட்டிய பல பேக்கேஜ்கள் அதனோடு ஓடவில்லை. புது வேலைக்காக அதை ஏற்றினால், போன வருடம் எழுதிய புரோகிராம் படுத்துவிடும்.

வீட்டில் தாத்தாவுக்கு உப்பு குறைவாக, பிள்ளைகளுக்குக் காரம் தூக்கலாக வேண்டும் என்றால் ஒரே சட்டியில் வைக்க முடியுமா? அடுப்பு ஒன்றுதான், சட்டி இரண்டு. அடுப்புதான் பைதான்; சட்டிதான் என்விரான்மென்ட்.

2012-இல் வந்த பைதான் 3.3 முதல் இதற்கென வென்வ் (venv) என்ற கருவி இருக்கிறது (உபுண்டுவில் அதைத் தனியாக நிறுவ வேண்டிவரும்). ப்ராஜெக்ட் ஃபோல்டரில் அதைக் கொண்டு என்விரான்மென்ட்டை உருவாக்கி, ஆக்டிவேட் செய்து, அப்புறம்தான் பிப் இன்ஸ்டால். டெர்மினல் வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அதன் பெயர் தெரிகிறதா என்று என்டர் தட்டுமுன் பாருங்கள். தொடக்கத்தில் பலரும் தடுமாறுவது இங்கேதான்.

டெர்மினலை மூடித் திறந்ததும் ‘மாட்யூல் இல்லை’ என்று வந்தால் பேக்கேஜ் அழிந்துவிட்டது என்று நினைத்து மறுபடி நிறுவுகிறார்கள். அது அங்கேயேதான் இருக்கிறது, மறுபடி ஆக்டிவேட் செய்தால் போதும்.