போதகரின் கேள்வி: சபையின் மாற்றத்தை எங்கே தேடுவது?

கேள்வி: நெடுங்காலமாக ஒரே சபையில் போதகராக இருக்கிறேன். சபை எப்படி மாறியிருக்கிறது என்று எழுத விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

பதில்: நினைவை மட்டும் நம்பாதீர்கள், ஐயா, பதிவேடுகளை எடுங்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் தனித்தனியே, ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரித்துக் கூட்டிப் பாருங்கள். ஞானஸ்நானம் குறைந்திருந்தால் விசுவாசம் தளர்ந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். மணமானவர்கள் வேலைக்காக வெளியூர் போயிருக்கலாம்; குழந்தையின் பெயர் அந்த ஊர்ச் சபையின் ஏட்டில் ஏறியிருக்கும். அதிகம் ஏமாற்றுவது அங்கத்தினர் பட்டியல்தான். போனவர்கள் பெயரைப் பெரும்பாலும் யாரும் அடிப்பதில்லை. வருகைக்குப் பண்டிகை ஆராதனைகளை விட்டுவிட்டு, சாதாரண ஞாயிறுகள் நான்கின் சராசரியை எடுங்கள். ஓய்வுநாள் பள்ளி (பிள்ளைகளுக்கான ஞாயிறு வேத வகுப்பு) வருகை ஏடு கிடைத்தால் விடாதீர்கள். பிள்ளைகள் எந்த வகுப்போடு நின்றுபோகிறார்கள் என்பது அதில்தான் தெரியும்.